பன்னிரண்டு நிமிடம் முன்னால்

“வழி இருக்கு. கதவு இருக்கு. சாவியும் கையில இருக்கு. ஆனா உள்ள விடமாட்டேங்குது, டீச்சர்” என்றார் கோலப்பன்.

கையில் ஒரு லேப்டாப். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் மூன்று மாடி ஏறி வந்திருந்தார்.

குரு என்றால் தாடி வேண்டும் என்று சட்டமில்லை. இந்தக் குருவின் பெயர் டெல்பின். வயது முப்பத்து நான்கு. அந்த மிஷன் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் அத்தனைக்கும் அவர்தான் பொறுப்பு.

சீடருக்கு வயது ஐம்பத்து மூன்று. அங்கேயே இருபத்தாறு வருஷம் எலெக்ட்ரீஷியனாக இருந்துவிட்டு, ஆறு மாதத்துக்கு முன்புதான் நெட்வொர்க் வேலை படிக்க வந்தவர்.

“எந்தக் கதவு, அண்ணாச்சி?”

“ஸ்கேன் ஃபோல்டர். எல்லாப் படமும் சர்வர்ல அதுலதானே கிடக்கு. மத்த கம்ப்யூட்டர்ல எல்லாம் திறக்குது. ஆபரேஷன் தியேட்டருக்குக் கொடுத்த இந்தப் புது லேப்டாப்புல மட்டும் அனுமதி இல்லைன்னு சொல்லுது. காலையில இருந்து இதே பாட்டுதான்.”

“காலையில இருந்தா? இப்பத்தான் எங்கிட்ட வாறீங்களா?”

கோலப்பன் தலை குனிந்தார். நானே பார்த்துவிடுவேன் என்ற வீம்புதான். ஐம்பதுக்கு மேல் மாணவனானால் அது கொஞ்சம் கூடவே வரும்.

“தியேட்டருக்குள்ள வேற கம்ப்யூட்டர் கிடையாது. பெரிய டாக்டர் செவ்வாய்க்கு மட்டும்தான் வாறாரு” என்றார். “நாலு மணிக்குள்ள தியேட்டர்ல வச்சே படத்தைப் பார்த்தாத்தான் கத்தி வைப்பேன்னுட்டாரு. இல்லன்னா அடுத்த செவ்வாய். அந்தம்மாவுக்குத் தலைக்குள்ள கட்டி. ஒரு கண்ணு போயாச்சு. அடுத்த செவ்வாய்க்குள்ள இன்னொண்ணும் போயிரும்ங்காங்க.”

டெல்பின் எழுந்து நின்றார்.

“அவங்க வீட்டுக்காரரு தாசையன், தியேட்டர் வாசல்லயே நிக்காரு. உக்காரவே இல்ல. நான் வெளிய வரும்போதெல்லாம் என் மூஞ்சியப் பாக்காரு. ஒண்ணும் கேக்கல. அதுதான் எனக்குத் தாங்கல, டீச்சர்.”

பென்டிரைவில் கொண்டுபோகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போன வருஷம் ஒரு பென்டிரைவில் வந்த வைரஸ் ஆஸ்பத்திரியையே நான்கு நாள் படுக்க வைத்தது. அதன்பின் எல்லாக் கம்ப்யூட்டரிலும் அந்த ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அடைத்தவரும் கோலப்பன்தான்.

“என்னெல்லாம் பார்த்தீங்க?”

“கேபிளை மாத்தினேன். வேற சாக்கெட்ல சொருகினேன். பாஸ்வேர்டு புதுசு போட்டேன். பத்து தடவ அணைச்சுப் போட்டேன். கூப்பிட்டா சர்வர் பதில் சொல்லுது. ஆனா உள்ள மட்டும் விடல.”

“இந்த லேப்டாப்பை ரெடி பண்ணினது யாரு?”

“நாந்தான். நேத்து சாயங்காலம். எல்லாம் என் கையாலதான் செட் பண்ணினேன்.”

டெல்பின் லேப்டாப்பை வாங்கித் திரையை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதை அறையிலிருந்த சர்வரின் திரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, விலகி நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று கேட்காதீர்கள். குருமாருக்கு இது ஒரு வியாதி.

கோலப்பன் இரண்டு திரையையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஒண்ணும் தெரியலியே.”

“கீழ் மூலை, அண்ணாச்சி.”

லேப்டாப்பின் மூலையில் மணி 4:02. சர்வரின் மூலையில் 3:50.

கோலப்பன் தன் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தார். 4:02.

“சர்வர் மணி தப்பா ஓடுது, டீச்சர்” என்றார். அடுத்த நொடி அவர் முகம் செத்துப்போனது. “அய்யோ, நாலு தாண்டிட்டே. மறுபடியும் பிந்திட்டேன்.”

டெல்பின் தன் செல்போனை எடுத்து அவர் முன்னால் நீட்டினார்.

3:50.

ஊரில் கடிகாரத்தை ஐந்து பத்து நிமிஷம் கூட்டி வைக்காத வீடு குறைவு. கூட்டி வைத்தவர்களே மனசுக்குள் கழித்துக்கொள்வார்கள். அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. கோலப்பன் கழிப்பதில்லை. கழித்தால் பிறகு எதற்குக் கூட்டி வைக்க வேண்டும் என்பார்.

நான்கு வருஷத்துக்கு முன்பு, இதே ஆஸ்பத்திரியின் மூன்றாம் வார்டில் அவர் மனைவி பகவதி கிடந்தாள். “ஆறு மணிக்கு வந்திருதேன்” என்று சொல்லிவிட்டு ஜெனரேட்டரைப் பார்க்கப் போனார். வந்தபோது ஆறு பன்னிரண்டு. அவள் போய்விட்டிருந்தாள்.

“அவரு வந்தாச்சான்னு ரெண்டு தடவ கேட்டாங்க” என்றாள் நர்ஸ். அந்தப் பெண் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்றிலிருந்து வீட்டுச் சுவர்க் கடிகாரம், செல்போன், கைக்கடிகாரம் எல்லாம் பன்னிரண்டு நிமிஷம் முன்னால் ஓடுகின்றன. நேற்றுப் புது லேப்டாப்பைத் திறந்தவுடன் கை முதலில் செய்த வேலையும் அதுதான். செய்தது அவருக்கே நினைவில்லை.

“ஒருத்தர் வந்து கதவத் தட்டினா சர்வர் என்ன பார்க்கும்?” என்றார் டெல்பின்.

“பேரு. பாஸ்வேர்டு.”

“அப்புறம்?”

கோலப்பன் மறுபடியும் கீழ் மூலையைப் பார்த்தார்.

“எத்தன மணிக்கு வந்தார்னும் பார்க்கும். அஞ்சு நிமிஷம் வித்தியாசம்னா பொறுத்துக்கும். அதுக்கு மேல போனா, இது நம்ம ஆளு இல்லைன்னு வெளியவே நிறுத்திரும்.”

“நான் பிந்தி வரலியே, டீச்சர். முந்தித்தானே வந்து நிக்கேன்.”

“அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்.”

டெல்பின் மவுஸை அவர் பக்கம் நகர்த்தினார்.

கோலப்பன் அதன்மேல் கையை வைத்தார்.

“இதப் பின்னால தள்ளினா...” என்றார். கண் கலங்கிவிட்டது.

டெல்பின் காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை. ஆனால் அவர் கண்ணும் மூலையில் இருந்த மணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

கோலப்பன் நேரத்தை மாற்றினார். 3:52.

ஃபோல்டரைத் தட்டினார். திறந்தது. வரிசையாகப் படங்கள். அந்தம்மாவின் பெயர் நாலாவதாக இருந்தது.

அவர் லேப்டாப்பை இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

தியேட்டர் வாசலில் தாசையன் நின்றுகொண்டிருந்தார். முதலில் கோலப்பனின் முகத்தைப் பார்த்தார். பிறகு லேப்டாப்பைத் தாங்கியிருந்த கையைப் பார்த்தார். அதில் கட்டியிருந்த கடிகாரத்தில் மணி 4:08.

காலையிலிருந்து வாய் திறக்காத மனுஷன் அப்போதுதான் வாய் திறந்தார்.

“நாலு தாண்டிட்டே, சார்.”

கோலப்பன் நின்றார்.

“அது என் மணி” என்றார். “உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கு.”