சிங்கராஜாவுக்குத் தங்கப் பல் கட்டிய முயல்

மலைக்காட்டுச் சிங்கராஜாவுக்குக் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்துபோனது. கிழட்டு எருமையின் தொடையைக் கடித்த கடி அப்படி! அன்றிலிருந்து ராஜாவுக்குக் கெட்டிக் கறி ஆகாது. மெத்தென்ற முயல்கறிதான். முயல் வளைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின.

"எனக்கு யார் தங்கப் பல் கட்டுகிறாரோ, அவர் இனத்தை இனிமேல் தொடமாட்டேன்!" என்று ராஜா வாக்குக் கொடுத்தது.

அதைக் கேட்டது வெள்ளச்சி முயல். அதன் வளை பழைய தங்கச் சுரங்கத்துக்குப் பின்னால். அங்கே வேலை நடந்த காலத்தில், வேலிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்த முயல் அது. நேரே காட்டுப்பன்றியிடம் ஓடியது.

"பன்றியண்ணே, எனக்கு மிச்சம் இருக்கிறது நாலே குட்டி. கை கொடுப்பியா?"

"கைக்கு எங்கே போவேன்? கால்தான் நாலு இருக்கு. வா!"

பன்றி சுரங்கத்துக் கல்லை மிதித்து மாவாக்கியது. கசப்பு மரவள்ளித் தோலைக் கிளறிக் கொண்டுவந்தது. பாறைக்குழித் தண்ணீரில் இரண்டையும் ஊறப்போட்டார்கள்.

"வாய் வச்சிடாதேண்ணே, விஷம்! கல்லுல தங்கம் இருக்கு. இந்தத் தண்ணி அதைக் கரைச்சு இழுக்கும்."

புதருக்குள் ஒரு நரி. 'கல்லில் தங்கம்' என்றதுமே அதற்கு வயிறு நிறைந்துவிட்டது; மீதியைக் கேட்காமல் தூங்கப் போனது. தூங்கி எழுந்து வந்து, குழியோரம் வடித்துக் கொட்டியிருந்த கல்மாவை அள்ளிக்கொண்டு ராஜாவிடம் ஓடியது.

"மண்ணைக் கொண்டு வந்திருக்கே! நான் என்ன பல்லு விளக்கவா கேட்டேன்?" விழுந்தது ஓர் அறை.

வீங்கிய கன்னத்தோடு நரி திரும்பி வந்தது. "தங்கம் பூரா இப்போ தண்ணியில இருக்கு" என்று முயல் சொல்லிக்கொண்டிருந்தது. அது போதும் நரிக்கு! மறுபடி ஒரு தூக்கம் போடப் போனது.

அதற்குள் முயல் கொட்டாங்கச்சிக் கரியைத் தண்ணீரில் போட்டு ஊறவைத்து, எடுத்துக் காயப்போட்டுவிட்டது. நரி வந்து, தண்ணீரைச் சுரைக்குடுக்கையில் மொண்டுகொண்டு ஓடியது.

"தண்ணியில பல்லா? எங்கே, நீ ஒரு வாய் குடி!"

"இன்னைக்கு எனக்கு விரதம் ராஜா!"

அடுத்த கன்னமும் வீங்கியது.

நரி பல்லைக் கடித்துக்கொண்டு வந்து, காயப்போட்ட கரியின் மேலேயே ஏறி நின்றது. நாலு குட்டியின் உயிரும் இப்போது நரியின் காலடியில்!

"சொல்லுங்கடா! தங்கத்தை எங்கே ஒளிச்சீங்க?"

பன்றிக்குப் பொய் சொல்லத் தெரியாது. "தண்ணியில இருந்த தங்கத்தைக் கரி உறிஞ்சிடுச்சு. நீ மிதிக்கிற கரிக்குள்ளதான் இருக்கு" என்று சொல்லிவிட்டது.

நரி விழுந்து விழுந்து சிரித்தது. "யாருக்குடா காது குத்துறே? மண்ணைக் கொடுத்ததுக்கே அந்த அடி! கரியைக் கொண்டுபோய்ப் பல்லு விளக்கச் சொன்னா உயிரோட விடுவாரா? கரிக்குக் கீழே புதைச்சிருக்கீங்க, அதானே?"

கரியை எல்லாம் காலால் ஒதுக்கித் தள்ளிவிட்டு, நரி பள்ளம் தோண்டத் தொடங்கியது. தள்ளிய கரியைப் பன்றி அள்ளிக்கொண்டது. முயல் முன்னால் ஓடியது.

கரியைத் தீயில் போட்டு எரித்தார்கள். சாம்பலை உருக்கினார்கள். மஞ்சளாய் ஓர் உருண்டை! அதைப் பல்லாக வார்த்து ராஜாவின் வாயில் பொருத்தினார்கள். காடே கூத்தாடியது. எருமைகள் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டன.

"பலே வெள்ளச்சி! கெட்டிக் கறியாக ஏதாவது கடித்துப் பார்க்க வேண்டுமே!" என்றது ராஜா.

அந்த நேரம் பார்த்து, உடம்பெல்லாம் மண்ணோடு வந்து சேர்ந்தது நரி.

"ராஜா, அந்தப் பள்ளத்துல ஒண்ணுமே இல்லை!"

"போகட்டும், கிட்டே வா. நரிக்கறி ரொம்பக் கெட்டி என்பார்கள்..."

தங்கப் பல் பளபளத்தது. ஓடிய நரி இன்னும் நிற்கவில்லை.

கூட இருந்து வேலையைப் பார்க்காதவனுக்கு, அதன் பலனைத் திருடக்கூடத் தெரியாது.