கேரியரைப் பிடித்த கை

கோடையில் கண்மாய் வற்றினால் எங்கள் ஊருக்கு ஒரு மைதானம் கிடைத்துவிடும். அந்த வருடம் பெண்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். வெயில் தாழ்ந்ததும் சைக்கிள் பழக வந்துவிடுவார்கள். அதுவரை எங்கள் ஊர்ப் பெண்களுக்குச் சைக்கிள் என்றால் பின்னால் இருக்கும் கேரியர்தான். முன்னால் எப்போதும் ஒரு ஆணின் முதுகு இருக்கும்.

குரு பௌசியா, அப்போதுதான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள். சிஷ்யை அன்னக்கொடிக்கு அவளைப்போல் இரண்டு மடங்கு வயது. அன்னக்கொடியின் அம்மா கண்மாய்க்கு அக்கரை ஊரில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். கணவனுக்கோ தம்பிக்கோ நேரம் ஒழிந்தால்தான் போய்ப் பார்க்க முடியும். அந்த மகாராஜாக்களுக்கு என்றைக்கு ஒழிந்தது? மழை வந்து கண்மாய் நிறைவதற்குள் தானே ஓட்டிப் போய்விட வேண்டும் என்று அன்னக்கொடி பிடிவாதமாக இருந்தாள்.

ஆனால் கேரியரை யாராவது பிடிக்காமல் ஏறமாட்டாள். கையை விடமாட்டேன் என்று பௌசியாவிடம் சத்தியமே வாங்கியிருந்தாள். அப்படியும் நம்பிக்கை வராது. பிடித்திருக்கிறாளா என்று திரும்பிப் பார்ப்பாள், உடனே விழுவாள். எழுந்து பௌசியாவைத் திட்டுவாள்.

ஒரு நாள் முழங்கால் புழுதியைத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

“யாரும் பிடிக்காம ஓட்டுறதுக்கு என்னதான் வழி டீச்சரு?”

பௌசியா அடுத்து நின்ற ரோசம்மாளைச் சைக்கிளில் ஏற்றிவிட்டு, அன்னக்கொடியைப் பின்னால் வரச் சொன்னாள்.

“இப்ப நீங்க பிடிங்கக்கா. விட்டுடாதீங்க.”

அன்னக்கொடி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். முதலில் அவள்தான் தள்ளினாள். கொஞ்ச தூரத்தில் கேரியர் அவளை இழுக்க ஆரம்பித்தது. மூச்சு வாங்கியது, ஒரு செருப்பு எங்கோ கழன்று போனது. ரோசம்மாளோ, பிடிச்சிருக்கியா பிடிச்சிருக்கியா என்று கேட்டுக்கொண்டே பறந்தாள். பிடித்திருப்பதாகச் சொல்ல வாயைத் திறந்த அன்னக்கொடிக்குச் சிரிப்புதான் வந்தது.

சைக்கிள் திரும்பி வந்ததும் அதை வாங்கி ஏறினாள். பௌசியா கேரியரில் கை வைக்கப் போனாள்.

“வேணாம். உனக்குத்தான் கால் வலிக்கும்.”

போனாள். காற்று முந்தானையைப் பிடுங்கப் பார்த்தது, அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கரையில் ஆடு மேய்த்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சைக்கிள் அக்கரை ஏறி மறைந்தது.

இருட்டுவதற்குள் அன்னக்கொடி திரும்பிவிட்டாள். இறங்கத் தெரியாமல் அம்மா வீட்டு வைக்கோல் போரில் மோதித்தான் நின்றாளாம். பெல் சத்தம் கேட்டு, அம்மா படுத்தபடியே சிரித்தாளாம். கேரியரில் ஒரு குலை நுங்கு இருந்தது. எல்லோரும் சுற்றி உட்கார்ந்து சீவித் தின்றோம்.

பௌசியாவுக்கு நுங்கை நீட்டியபடி அன்னக்கொடி கேட்டாள்.

“யாரும் பிடிக்காமலும் அதே மாதிரிதான் ஓடுச்சு. அப்போ இத்தனை நாளும் நீ என்னைப் பிடிக்கவே இல்லையா?”

“சத்தியம் பண்ணியிருந்தேனே, விடவே இல்லக்கா. நீங்க இழுத்துக்கிட்டுப் போன பக்கமெல்லாம் நானும் ஓடி வந்தேன்.”