ஓர் இடம் விடாமல் ஞானதுரை

வியாபாரிகள் சங்கத்தின் புதுத் தலைவர் ஞானதுரை அண்ணாச்சிக்கு அடக்கமான ஓர் ஆசை. ஆண்டுமலரின் அத்தனை ஃபைல்களிலும், காலஞ்சென்ற பழைய தலைவர் வேதமாணிக்கத்தின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட வேண்டும்.

"சாயங்காலத்துக்குள்ள முடிக்கலன்னா நாளைக்கு வேலைக்கு வராத," என்றார் டைப்பிஸ்ட் புஷ்பலீலாவிடம்.

கம்ப்யூட்டரில் சொற்களைத் தேடி மொத்தமாக மாற்ற உதவும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் அவளுக்குத் தெரியும். பழைய தலைவரின் பெயர் எந்த வடிவில் வந்தாலும் பிடித்து மாற்ற ஒற்றை வரி எழுதினாள்.

"அண்ணாச்சி, சில இடத்தை மட்டும் விட்டுரச் சொல்லி ஒரு நிபந்தனை சேர்க்கட்டுமா?"

"எனக்கே நிபந்தனையா? ஒரு இடம் விடாத!"

காபி ஆறுவதற்குள் வேலை முடிந்தது.

விழா மேடையில் செயலாளர் மலரைப் பிரித்துக் கணீரென்று வாசித்தார்: "சென்ற மாதம் இறைவனடி சேர்ந்த ஞானதுரை அவர்களுக்கு மௌன அஞ்சலி."

எல்லோரோடும் எழுந்து தலைகுனிந்த அண்ணாச்சி, திடுக்கிட்டு, பின்னால் நின்ற புஷ்பலீலாவிடம் திரும்பினார். "ஏம்மா, என்ன இது?"

"பழைய தலைவர் கட்டின சந்தையும் போட்ட ரோடும் உங்க பேருக்கு வந்துச்சே அண்ணாச்சி, அப்ப சாவு மட்டும் எங்க போகும்?"