மூன்றாண்டு மருதையனார்

நான்கு திசை நிலங்களை ஆண்ட ஒரு வேந்தரின் தலைநகரில், ஐந்து இருக்கைகள் கொண்ட அறமன்று ஒன்று இருந்தது. ஓர் இருக்கை ஒழிந்தால், எஞ்சிய நால்வரும் கதவைச் சாத்திக்கொண்டு புதியவரைத் தேர்வர். தேர்ந்தபின்னரே ஊருக்குத் தெரியும். அதுவரை அமர்ந்தவர் அனைவரும் ஆற்றங்கரை வயல்நாட்டார். அரண்மனையைச் சுற்றிய மூன்று தெருக்களில் பிறந்தவர்.

அவ்வாறு ஓர் இருக்கை ஒழிந்தபோது, வேந்தர் இம்முறை அறநூல் ஆசிரியர் பூதனாரிடம் யோசனை கேட்டார். பூதனார் தம் மாணவர் மருதையனாரைப் பெயர்களை எழுதித் தரச் சொன்னார்.

மருதையனார் ஆசிரியரைவிட ஒன்பது வயது மூத்தவர். கீழ்மன்றத்தில் இருபதாண்டு வழக்குரைகள் கேட்டு முடி நரைத்தவர். ஓலையில் மூன்று பெயர்கள் எழுதினார். முதற்பெயர் அவருடையது.

பூதனார் ஓலையைப் படித்தார். "மூவரும் நம் தெருக்காரர்."

"நீதி எங்கும் ஒன்றுதானே, ஐயா? நீதிபதி எவ்வூரார் ஆனால் என்ன?"

"ஒன்றுதான். இதைக் குன்றூர்ச் சந்தையில் வாசித்துவிட்டு வாரும்."

"சந்தையிலா! தேன் விற்பவளுக்கு நீதியரசரைப் பற்றி என்ன தெரியும்?"

"தெரியாவிட்டால் பேசாதிருப்பாள். உமக்கு என்ன இழப்பு?"

நான்கு நாள் மலையேறிக் குன்றூரை அடைந்தார் மருதையனார். தாம் யாரென்று சொல்லவில்லை. ஒரு பாறைமேல் நின்று, தொண்டையைச் செருமி, அறமன்றின் ஒழிந்த இருக்கைக்கு என்று சொல்லி முதற்பெயரை வாசித்தார்.

சந்தை ஒரு நொடி அடங்கியது. அடுத்த நொடி கொல்லென்று சிரித்தது.

"யாரு, மூணு வருஷ மருதையனா?" என்றாள் சாமை விற்றுக்கொண்டிருந்த சடைச்சி என்பவள். "அந்தாளையா மேல ஏத்துறாங்க? ஏற்கெனவே கீழ இருந்துக்கிட்டே எங்களப் புதைச்சாச்சே!"

மருதையனாருக்குக் காது சுட்டது. "ஏனம்மா அப்படி ஒரு பெயர்?"

"எங்க மலையில காட்டை ஒரு வருஷம் வெதைச்சா ஏழு வருஷம் தூங்க விடுவோம், சாமி. தூங்காத மண்ணு வெளையாது. மூணு வருஷம் ஏர் படாத நிலம் ஆளில்லாத நிலம்னு அந்த மகராசன் எழுதிட்டான். என் காடு அஞ்சாம் வருஷத் தூக்கத்துல இருந்துச்சு. வந்து பிடுங்கிட்டுப் போயிட்டாங்க."

அத்தீர்ப்பு அவருக்கு நினைவிருந்தது. ஒரே பிற்பகலில் எழுதியது. ஆற்றங்கரையில் மூன்றாண்டு தரிசாய்க் கிடக்கும் வயலுக்கு உடையவன் இறந்திருப்பான், அல்லது ஊரைவிட்டு ஓடியிருப்பான். நகரமே அத்தீர்ப்பைப் பாராட்டியது.

"அறமன்றில் முறையிடவில்லையா?"

"போனோமே! அஞ்சு பேரும் வயக்காட்டுக்காரங்க. 'நிலம் குறட்டையும் விடுமா?'ன்னு கேட்டுச் சிரிச்சாங்க. ஆமா, உங்களுக்கு ஏன் மூஞ்சி வெளுக்குது? அந்தாளு உங்களுக்குச் சொந்தமா?"

"சொந்தந்தான், அம்மா. நானேதான்."

சடைச்சி அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சாமை மூட்டையைக் கட்டித் தலையில் ஏற்றினாள்.

"வாங்க. காட்டைக் காட்டுறேன்."

புதரும் புல்லும் இடுப்பளவு மண்டிய சரிவில் அன்று மாலைவரை நின்றார் மருதையனார். அவள் ஒரு பிடி மண்ணை அள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். கறுத்து, ஈரமாய், பொலபொலவென்று இருந்தது. அவர் பாழ் என்று எழுதிய மண் அது.

நகரத்துக்குத் திரும்பியவர், எழுத்தாணி எடுத்து ஆசிரியர் கண்முன்னே தம் பெயரை அடித்தார். இருபதாண்டுக் கனவு ஒரு கீறலில் போயிற்று.

"மற்ற இருவர்?" என்றார் பூதனார்.

"எனக்குத் தெரியாது, ஐயா. சந்தைகளைத்தான் கேட்க வேண்டும்."

"ஒரு சந்தை போதுமா?"

"நான்கு திசையிலும். ஒரு திங்கள் முரசறைந்து."

வேந்தர் இசைந்தார். கதவைச் சாத்தியிருந்த நால்வரும் முணுமுணுத்தனர். ஆயினும் முரசு முழங்கியது. பெயர்களைச் சந்தை சந்தையாகச் சென்று வாசிக்கும் பணியை மருதையனாரே கேட்டுப் பெற்றார். கேட்டவர்கள் புகழ்ந்தனர், ஏசினர், புதுப்பெயர்களும் கூறினர். முடிவில், சட்டநூல்களைத் துறைபோகக் கற்று மலையிலேயே வழக்குத் தீர்த்துவந்த கொற்றன் ஐந்தாம் இருக்கையில் அமர்ந்தார்.

அவர் கேட்ட முதல் வழக்கு சடைச்சியின் காடு. நால்வரில் ஒருவர் பழைய சிரிப்பைச் சிரித்தார். கொற்றன் சிரிக்கவில்லை. மலைக்காட்டின் எட்டாண்டுச் சுழற்சியை ஆண்டாண்டாய் எடுத்துரைத்தார். மூன்றாம் ஆண்டுக்கு வருமுன்னரே அந்தச் சிரிப்பு அடங்கிற்று. ஐவரும் ஒருமனதாய்க் காட்டைத் திருப்பித் தந்தனர். வெளியே குன்றூரார் அடித்த பறையொலியில் அரண்மனைப் புறாக்கள் அத்தனையும் எழுந்து பறந்தன. கூட்டத்தின் கடைசியில் நின்ற மருதையனார், தம் தீர்ப்பு தோற்றதற்குத் தாமே கைதட்டினார்.

அதிலிருந்து எட்டாம் ஆண்டில் இன்னோர் இருக்கை ஒழிந்தது. நான்கு சந்தைகளிலிருந்தும் ஓலைகள் வந்தன. பூதனார் குன்றூர் ஓலையை மருதையனாரிடம் நீட்டினார். ஒரே ஒரு வரி இருந்தது: 'மூணு வருஷ மருதையன் வரட்டும்.'

அவர் அவ்வரியை இருமுறை படித்தார். "இன்னுமா என்னை எள்ளுகிறார்கள், ஐயா?"

"எனக்கும் அந்த ஐயம் வந்தது. ஓலை கொண்டுவந்த சடைச்சியையே கேட்டுவிட்டேன்."

"என்ன சொன்னாள்?"

"'ஏழு வருஷம் தூங்க விட்டாச்சு, இந்த வருஷம் வெதைக்கலாம்' என்றாள்."