ஆள்காட்டிக்குக் கிடைத்த தண்டனை

அந்தக் காலத்தில், பறவைகள் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஆள்காட்டிக் குருவி பரம சாது. இன்றைக்கு அது போடும் கூச்சலைக் கேட்டவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும்.

பொட்டல் காட்டில் தரையிலே முட்டையிடும் பறவைகளுக்குள் ஒரு முறை இருந்தது. ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போனால், பக்கத்துக் கூட்டுக்காரர் காவல் இருக்க வேண்டும். செம்பி என்ற கௌதாரியும் ஒரு நாள் காலையில், "அண்ணே, கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று ஆள்காட்டியிடம் சொல்லிவிட்டு ஓடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கூட்டில் வெறும் முட்டை ஓடுகள்தான் கிடந்தன.

"உடும்பு வந்துச்சும்மா" என்றான் ஆள்காட்டி, தலையைக் குனிந்துகொண்டு. "பாத்தேன். கத்தினா என் முட்டைப் பக்கம் திரும்பிருமோன்னு பயந்து வாயை மூடிக்கிட்டேன்."

செம்பி விழுந்து புரண்டு அழுதாள். பறவைகள் எல்லாம் கூடிவிட்டன. அவர்களுக்குத் தலைவர் செம்போத்து. அவரும் மறைவில் முட்டை தின்கிறவர்தான்; தலைவர் பதவிக்கு அதெல்லாம் ஒரு குறையா என்ன! தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார்.

"முட்டைக்கு முட்டை. அவன் முட்டைகளை உன் அலகாலேயே உடைச்சிரு. அதுதான் நம்ம வழக்கம்."

செம்பிக்கு அந்தத் தீர்ப்பு பிடித்திருந்தது. பொய் சொல்வானேன், நன்றாகவே பிடித்திருந்தது. வயிறு பற்றி எரிகிறவளுக்கு வேறென்ன பிடிக்கும்? நேரே ஆள்காட்டியின் கூட்டுக்கு நடந்தாள். அங்கே மூன்று முட்டைகள் இருந்தன. "செம்பி, வேண்டாம்டி!" என்று அவன் பெண்டாட்டி காலில் விழுந்து கெஞ்சினாள். செம்பி காதில் வாங்கவில்லை. ஒரே கொத்து. ஒரு முட்டை உடைந்து, கரு கற்களுக்கு இடையே ஓடியது.

செம்பி நின்றாள். இப்போது வயிற்றெரிச்சல் தணியும் என்று காத்திருந்தாள். தணியவில்லை. எதிரே ஆள்காட்டியின் பெண்டாட்டி அழுத அழுகை, காலையில் தான் அழுத அதே அழுகையாக இருந்தது. செம்பிக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

"ஏன் நிக்கிறே? இன்னும் ரெண்டு இருக்கே" என்றார் செம்போத்து.

"நீங்க சும்மா இருங்க பெரியவரே! மிச்சத்தையும் உடைச்சா என் குஞ்சுங்க வந்துருமா? முட்டையைத் தின்ன உடும்பு அந்தப் பாறையில சொகமா வெயில் காயுது. நாளைக்கும் வரும். அப்ப யாரு கத்துவா?"

"அதுக்காக இவனைச் சும்மா விட்டுர்றதா? அப்புறம் எல்லாரும்தான் வாயை மூடிக்கிட்டு இருப்பாங்க!"

"சும்மா விடுறேன்னு யாரு சொன்னா?" செம்பி ஆள்காட்டியின் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்களை நான் மன்னிக்கலை. ஆயுசுக்கும் மன்னிக்க மாட்டேன். ஆனா இனிமே இந்தப் பொட்டல்ல யாரு வந்தாலும் நீங்க கத்தணும். ராத்திரி, பகல் கிடையாது. உங்க முட்டைக்கே ஆபத்துன்னாலும் கத்தணும். பொறக்கப்போற பிள்ளைங்களுக்கும் சொல்லிக் குடுங்க."

ஆள்காட்டி தலையை ஆட்டினான். பாறையிலிருந்து உடும்பு மெல்ல இறங்குவதைப் பார்த்ததும் அவன் கத்திய கத்தலில் பொட்டலே அதிர்ந்தது. உடும்பு வந்த வழியே ஓடிவிட்டது.

அன்று பிடித்துத்தான் ஆள்காட்டி, மனுஷர் மிருகம் எது வந்தாலும் தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்துகிறது. வேட்டைக்கு வருகிறவர்கள் அதை வாய்க்கு வந்தபடி திட்டுகிறார்கள். கௌதாரியும் அதற்கு நன்றி சொல்வதில்லை. சத்தம் கேட்டதும் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு புதருக்குள் போய்விடுகிறது.