மாலைக்கடைக்கு எந்த விலாசம்?

செங்கமலம் கட்டுகிற கல்யாண மாலைக்கு அந்த ஊரில் ஈடு கிடையாது. சம்பங்கியும் பன்னீர் ரோஜாவும் மரிக்கொழுந்துமாகக் கட்டி முடித்து அவள் தூக்கிப் பிடித்தால், பார்க்கிறவர்களுக்கு இன்னொரு தடவை கல்யாணம் பண்ணிக்கொண்டால் என்ன என்று தோன்றும். ஒரே ஒரு வில்லங்கம். அவள் குடியிருந்தது சுடுகாட்டு ரோட்டில்.

போனில் எல்லாரும் நல்லபடியாகத்தான் பேசுவார்கள். நிறம் சொல்வார்கள், நீளம் சொல்வார்கள். கடைசியில், "எங்க வந்து வாங்கிக்கணும்?" என்பார்கள். அவள் தெருப் பெயரைச் சொல்வாள். அந்தப் பக்கம் பேச்சு மூச்சு இருக்காது. "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றோம்" என்று வைத்துவிடுவார்கள். எந்த வீட்டிலும் அப்புறம் கேட்டுச் சொன்னதில்லை.

இத்தனைக்கும் பங்குனியில் சிவன் கோயில் திருக்கல்யாணத்துக்கு மாலை கட்டுவது அவள்தான். அதை எங்கே வைத்துக் கட்டினாய் என்று ஒருத்தராவது கேட்டிருப்பார்களா? மூச்.

அந்தக் கோயில் ஓதுவார் அருணந்திதான் அவளுக்குக் குரு. அவள் வயதில் பாதி இருந்தால் அதிகம். ஆனாலும் பதிகம் சொல்லிக்கொடுத்தவர் ஆயிற்றே, அவளுக்கு அவர் "சாமி".

ஒருநாள் பாட்டு முடிந்ததும் எல்லாரும் போன பிறகு அவள் மட்டும் நின்றாள்.

"சாமி, ஒரு யோசனை கேக்கணும். சந்தோஷத்துல எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"சொல்லுங்கம்மா."

"இப்பல்லாம் மாலை வேணும்னா போன்லதான் தேடுறாங்க. அதுல நம்ம கடைப் பேரு, விலாசம் எல்லாம் போட்டு வைக்கலாமாம். தேடுறவங்களுக்குக் கிட்டக்க இருக்கிற கடை முதல்ல வருமாம். கல்யாண மண்டபமெல்லாம் ராஜ வீதியைச் சுத்தித்தானே இருக்கு? அங்க ஜவுளிக்கடை மாடியில ஒரு ரூம் காலியா கிடக்கு. போர்டு மாட்டிக்க, விலாசம் போட்டுக்கன்னு சொல்றாங்க!"

"அங்க உக்காந்துதான் மாலை கட்டப்போறீங்களா?"

"அங்க எப்படி சாமி? காத்தே வராது, பூ வெந்துபோயிடும். கட்டுறதெல்லாம் வீட்டுலதான். விலாசம் மட்டும் அங்க."

"ம்."

"ராஜ வீதியைப் போடட்டுமா, சுடுகாட்டு ரோட்டைப் போடட்டுமா? இந்த ஆவணியும் கைவிட்டுச்சுன்னா என்கூடக் கட்டுற பொண்ணுங்களை வேற வேலை பாத்துக்கச் சொல்லணும். கடையையே மூடிட வேண்டியதுதான் சாமி."

ஓதுவார் பதிகப் புத்தகத்தை மூடி வைத்தார்.

"ஆவணியில எனக்கும் கல்யாணம்மா."

"ஐயோ சாமி! இதை இப்பவா சொல்றது!" கோயில் என்பதையும் மறந்து கத்திவிட்டாள்.

"மாலை உங்களுதுதான். மாப்பிள்ளை அழைப்பு அன்னிக்கு நானே கடைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

"நீங்க எதுக்கு அலையணும்? நான் கொண்டாந்து தர மாட்டேனா?"

"வந்து வாங்கிக்கிறேன்."

"சரி, விலாசம்?"

"கல்யாணம் முடியட்டுமே."

அதுவரை பொறுக்கிற ஆளா செங்கமலம்? அடுத்த வாரமே ராஜ வீதி மாடியில் போர்டு ஏறியது. கடை நிஜமாகவே இருக்கிறதா, வீடியோ எடுத்து அனுப்புங்கள் என்று போனில் விலாசம் ஏற்றுகிற கம்பெனிக்காரர்கள் கேட்டார்கள். ஒரு கூடை சம்பங்கியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய், அந்தப் புழுக்கத்தில் உட்கார்ந்து, வீடியோ முடிகிற வரைக்கும் கட்டினாள். முடிந்ததும் பூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அப்புறம் கேட்க வேண்டுமா? கல்யாண மாலை என்று தேடினால் அவள் பெயர்தான் முதலில் வந்தது. போன் ஓயவில்லை. எங்கே வந்து வாங்கணும் என்று கேட்டால், "ராஜ வீதிதாங்க. ஆனா நீங்க எதுக்குச் சிரமப்படணும், மண்டபத்துக்கே கொண்டாந்துடுறேன்" என்பாள். தெருவுக்கே கேசரி கிண்டிக் கொடுத்தாள்.

மாப்பிள்ளை அழைப்பு நாள் வந்தது. பெண்ணைப் பெற்றவர் மாப்பிள்ளை கழுத்தில் மாலை போட்டு மேளதாளத்தோடு மண்டபத்துக்கு அழைத்துப் போக வேண்டும், அதுதான் வழக்கம். செங்கமலம் மாலையை ஈரத்துணியில் பொதிந்து வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் நின்றாள். சாமி வரவில்லை. போன்தான் வந்தது.

"அம்மா, உங்க கடைக்கு வந்துட்டோம். கதவு பூட்டியிருக்கே?"

"எந்தக் கடை சாமி?"

"ராஜ வீதி."

மாலையை வாரிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள்.

ராஜ வீதியில் ஒரே கூட்டம். நாகஸ்வரக்காரர்கள் வாத்தியத்தைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்கள். உறவுக்காரர்கள் அண்ணாந்து போர்டைப் பார்க்கிறார்கள். நடுவில் பட்டு வேட்டியில் ஓதுவார். பக்கத்தில் பெண்ணின் அப்பா, அரிசி மண்டி சபாபதி, கடிகாரத்தையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாமி, என் வீடு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா. ஆனா நீங்க ஊருக்குச் சொன்ன விலாசம் இதுதானே?"

அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள்.

"இங்க கடையே இல்ல சாமி. மாலையெல்லாம் வீட்டுலதான் கட்டுறேன். சுடுகாட்டு ரோடுன்னா யாரும் வாங்க மாட்டேங்குறாங்க. அதான் மறைச்சேன்."

சபாபதி மாலைக்கு நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"சுடுகாட்டு ரோட்டு மாலையா? என் பொண்ணு கல்யாணத்துக்கா? மாப்பிள்ளை, நல்ல காலம், இப்பவாவது தெரிஞ்சுதே. மார்க்கெட் பக்கத்துலதான் இருக்கு, வேற வாங்கிடலாம்."

செங்கமலத்துக்குக் கண் கலங்கியது. இனி ஆவணி என்ன, ஐப்பசி என்ன. இந்தக் கூட்டத்துக்குத் தெரிந்தால் ஊருக்கே தெரிந்த மாதிரிதான்.

ஓதுவார் அவளிடம் திரும்பினார்.

"மாலையை வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்கம்மா."

"சாமி..."

"கடைக்கு வந்து வாங்கிக்கிறேன்னுதானே சொன்னேன்? முன்னால போங்க, வர்றோம்." பிறகு மேளக்காரர்களைப் பார்த்தார். "வாசிங்க. சுடுகாட்டு ரோடு."

சபாபதி குறுக்கே பாய்ந்தார்.

"மாப்பிள்ளை! அந்தத் தெருவுல கல்யாண மேளம் போகுமா? ஊரு சிரிக்காது?"

"மாமா, பங்குனியில கோயில்ல ஒரு கல்யாணம் நடந்துச்சே, வந்திருந்தீங்களா?"

"வராம? முன்வரிசையில நின்னேன். மாலையைக் கண்ணுல ஒத்திக்கிட்டேன்."

"அதைக் கட்டினது இவங்கதான்."

"அது சாமிக்கு, மாப்பிள்ளை. அது வேற."

"சரி. அந்த மாப்பிள்ளைக்குக் குடியிருப்பு எங்க மாமா?"

சிவபெருமான் எங்கே குடியிருக்கிறார் என்பது சபாபதிக்குத் தெரியாததா? நெற்றி நிறையத் திருநீறு பூசியிருக்கிறவர். கை தன்னால் அந்தத் திருநீற்றுக்குப் போனது.

"மயானத்துல இருக்கிறவருக்கு வருஷா வருஷம் பொண்ணு குடுக்கிறோம். அங்க இருந்து ஒரு மாலை வாங்கக்கூடாதா?"

தவில்காரருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதோடு குச்சியை எடுத்து ஒரு போடு போட்டார் பாருங்கள், ராஜ வீதியே அதிர்ந்தது. நாகஸ்வரம் சேர்ந்துகொண்டது. ஊர்வலம் திரும்பியது.

சுடுகாட்டு ரோட்டில் அதுவரை கல்யாண மேளம் கேட்டதே இல்லை. ஜனம் வீட்டைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு வாசலுக்கு ஓடி வந்தது. யாரோ குடம் குடமாகத் தண்ணீர் தெளித்தார்கள், யாரோ அவசரமாகக் கோலம் போட்டார்கள். கூடக் கட்டுகிற பெண்கள் குலவை போட்டார்கள். செங்கமலம் அழுதுகொண்டே சிரித்தாள். மாலையை எடுத்து நீட்டினாள். சபாபதி அவள் முகத்தைப் பார்த்தார். கையை ஒருமுறை வேட்டியில் துடைத்துக்கொண்டு, மாலையை வாங்கிக் கண்ணில் ஒற்றி, மாப்பிள்ளை கழுத்தில் போட்டார்.

அப்போது பார்த்து அவள் போன் அடித்தது.

"கல்யாண மாலைங்களா? போன்ல பாத்தோம். நேர்ல வந்து பாக்கணும். எங்க வரணும்?"

செங்கமலம் ஓதுவாரைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"ராஜ வீதிக்குப் போயிடாதீங்க. அங்க நான் இல்ல. சுடுகாட்டு ரோட்டுக்கு வாங்க."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவளுக்குப் பழகிய அமைதிதான் அது. வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்கிறோம் என்று எப்போது வரும் என்று காத்திருந்தாள்.

"என்னங்க அங்க, மேளச் சத்தமா கேக்குது?" என்றது குரல்.

அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "சாமி, மேளம் கேக்குதேங்கறாங்க. என்ன சொல்லட்டும்?"

மாலையைச் சரிசெய்துகொண்டே ஓதுவார் சொன்னார்:

"அந்தச் சத்தத்தைப் பிடிச்சுக்கிட்டே வரச் சொல்லுங்கம்மா."