கிளிப் நடந்த தூரம்

சண்முகவேலின் பெரியப்பா தூத்துக்குடித் துறைமுகத்தில் வின்ச் ஓட்டியவர். சாப்பிட உட்காரும்போதெல்லாம் ஒன்று சொல்வார். "சரக்கைத் தூக்குறதுக்கு மெஷின் போதும்டா. இறக்குறதுக்கு..." அதற்கப்புறம் என்ன சொன்னார் என்பது இருபத்திரண்டு வருஷக் கனடா வாழ்க்கையில் எங்கோ விட்டுப்போயிருந்தது. முழங்காலுக்காக, படகு வலிப்பதுபோல் இழுக்கும் ரோயிங் மெஷினில் உட்கார்ந்த முதல் நாள் அந்தப் பாதிப் பேச்சு மட்டும் நினைவுக்கு வந்தது.

ஊர் திரும்பிய மூன்றாம் மாதம், ஷட்டில் ஆடும்போது அவனுடைய வலது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் முடிந்து இப்போது நான்கு மாதம்.

சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் பிசியோதெரபி நடத்தி வந்தாள் ஜெசிந்தா. அவனைவிடப் பதினேழு வயது சிறியவள். வருகிறவர்கள் எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் திட்டுகிற திட்டு அப்படி.

மெஷினில் உட்கார்ந்து, காலால் உதைத்துக் கைப்பிடியை இழுத்தால் சீட் பின்னால் உருளும். பிறகு முழங்காலை மடக்கி முன்னால் வர வேண்டும். எதுவரை மடக்கலாம் என்பதற்கு, சீட் ஓடுகிற கம்பியில் துணி காயப்போடும் நீலக் கிளிப் ஒன்றை மாட்டியிருந்தாள்.

"இதைத் தாண்டி வரக் கூடாது அண்ணாச்சி."

"எப்ப நகர்த்துவீங்க, டீச்சர்?"

"வீக்கம் வத்தட்டும். நானே நகர்த்துவேன்."

சண்முகவேலுக்கு அவசரம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் அம்மா ஐ.சி.யூ.வில் கிடந்தபோது அவன் டொரொண்டோவில் இருந்தான். அங்கிருந்தே வேண்டிக்கொண்டான். அம்மா பிழைத்தால் தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூருக்கு நடந்தே வருகிறேன். அம்மா பிழைத்தாள். இப்போது எழுபத்தொன்பது வயது. தைப்பூசத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள். பச்சை வேட்டி எடுத்து வைத்துவிட்டாள். தெருவுக்கெல்லாம் சொல்லியும்விட்டாள். அவன் நடந்து வந்து சேரும்போது, அம்மா காரில் முன்னால் போய்க் கோயிலில் காத்திருப்பதாக ஏற்பாடு.

மெஷினின் திரையில் தினமும் காட்டும் தூரத்தை அவன் மனதுக்குள் கூட்டிக்கொண்டே வந்தான்.

"டீச்சர், நேத்தோட நாப்பது கிலோமீட்டர் ஆச்சு. திருச்செந்தூர் வந்துட்டேன்."

"வந்தாச்சா? தேங்கா உடைச்சீங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க. நான் நடக்கலாமா, அதைச் சொல்லுங்க."

ஜெசிந்தா குனிந்து கம்பியைப் பார்த்தாள்.

"கிளிப்புக்குக் கால் முளைச்சிருக்கு."

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாலு விரக்கடை நடந்திருக்கு. உங்களுக்கு முன்னாடி இது போய்ச் சேர்ந்திரும் போல."

"ஒரேயடியா நகர்த்தல. தினம் கொஞ்சமாத்தான்..."

"தெரியும். பக்கத்து ரூம்ல எனக்குக் கேக்கும். உதைக்கிறது நல்லாத்தான் உதைக்கிறீங்க. திரும்பி வர்றப்ப சீட்டு கிளிப்புல வந்து 'டக்'குனு முட்டும். முழங்கால் தாங்கிக் கொண்டுவந்தா சத்தமே வராது."

"தூரம் ஆச்சுல்லா, டீச்சர்?"

"எங்கப்பா நாப்பது வருஷம் கடலுக்குப் போனாரு. ஒரு நாளும் வீட்டுக்கு வந்து கிலோமீட்டர் சொன்னதில்ல. கரைக்கு வந்துட்டேன்னு மட்டும் சொல்வாரு."

சொல்லிவிட்டு அவனுடைய பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"வாங்க, கீழ போவோம்."

"இன்னைக்கு இன்னும் ஓட்டவே இல்லியே."

"ஓட்ட வேண்டாம். இறங்குங்க, நான் பாக்கேன்."

அவன் எழுந்திருக்கவில்லை.

"ரெண்டு மாசமா நீங்க ஏறி வர்றதைப் பாக்கேன். ஜம்முனு வாரீங்க. இறங்கி ஒரு நாளும் பார்த்ததில்ல. எல்லாரும் போன பிறகுதான் கிளம்புவீங்க."

இருபத்திரண்டு படி. அவள் இரண்டு படி முன்னால் இறங்கி, திரும்பி நின்றாள். முதல் மூன்று படிகளில் அவன் நேராக இறங்கினான். நான்காவதில் முழங்கால் ஆடியது. பக்கவாட்டில் திரும்பி, இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, தினமும் இறங்குவதைப் போல இறங்கினான். கீழே சைக்கிள் கடைக்காரர் அண்ணாந்து பார்த்துவிட்டு, பார்க்காதவர் போல ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டார்.

ஏழாவது படியில் சண்முகவேல் உட்கார்ந்துவிட்டான்.

"வலிக்குதா?"

"இல்ல."

"அண்ணாச்சி."

"வலிக்குது."

ஜெசிந்தா பையை மடியில் வைத்துக்கொண்டு, அவனுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தாள்.

"அம்மா ஆஸ்பத்திரியில கெடந்தப்ப நான் வரல, டீச்சர்," என்றான். "வர முடியலன்னுதான் எல்லார்ட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன். டிக்கெட் கிடைச்சிருக்கும். ஆபீஸ்ல ஒரு வேலை. என்ன வேலைன்னுகூட இப்ப ஞாபகம் இல்ல. இதை நடந்து முடிச்சாத்தான் நான் வந்த மாதிரி."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பையின் வாரை நீவிக்கொண்டிருந்தாள்.

"திருச்செந்தூர்ல அம்மா நாழிக்கிணத்துல குளிப்பாங்களா?"

"குளிக்காம வர மாட்டாங்க. மூணு வருஷமா அதையேதான் சொல்லிக்கிட்டிருக்காங்க."

"கிணத்துக்குள்ள படி இறங்கிப் போகணும்ல?"

"ஆமா. எப்பவும் ஈரமாக் கெடக்கும். கூட்டம் வேற."

"நாப்பது கிலோமீட்டர் நடந்த காலோட நீங்க மேல நிப்பீங்க," என்றாள் ஜெசிந்தா. "அவங்களை யாரு அண்ணாச்சி கையைப் பிடிச்சு இறக்குவா?"

கீழே சக்கரம் சுற்றி முடிந்து நின்றது.

சண்முகவேல் எழுந்து மறுபடி மாடிக்குப் போனான். கிளிப்பைக் கழற்றி, நான்கு விரற்கடை பின்னால் தள்ளி மாட்டினான். வீட்டுக்குப் போனதும், இந்த வருஷம் நடக்கவில்லை, காரில் கூடவே வருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னான்.